ஒன்றரைக் காதில் ஜாஸ்

உத்திரமேரூரில் உட்கார்ந்துகொண்டு ஜாஸ் விமர்சனம் எழுதுவதில் ஒரு சௌகரியம், நீ எழுதினது தப்பு என்று சொல்ல இங்கே யாரும் இல்லை. ஒரு அசௌகரியம், சரி என்று சொல்லவும் யாரும் இல்லை.

ஜாஸ் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அதை வாசித்து முடித்த பிறகும் விடாமல், அவரவர் மனசுக்குத் தோன்றினபடி அந்த இடத்திலேயே வளர்த்துக்கொண்டு போகிற மேற்கத்திய சங்கீதம் அது. அதைக் கேட்டு, நன்றாக இருக்கிறதா இல்லையா என்று இணையப் பத்திரிகை ஒன்றில் எழுதுவது என் பிழைப்பு. இருபது வருஷம் சென்னையில் இருந்து எழுதினேன். நைனா, அதாவது என் அப்பா, இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டு படுத்ததும், அவரைப் பார்த்துக்கொள்ள ஊருக்கே வந்துவிட்டேன். பத்திரிகை ஆசிரியர் சங்கரி என்னை விடவில்லை. "ஊர்லேர்ந்தே எழுதுங்க மல்லிகா. ஒரு வருஷம் நீங்க கேக்கறதை எல்லாம் எழுதுங்க. ரிக்கார்டிங்கும் வேணும், நேர்ல கேட்டதும் வேணும்" என்றார்.

வீட்டிலிருந்தபடி யாருக்கும் விளங்காத வேலை பார்க்கிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். 'அவ சும்மாதான் கீறா' என்று உங்களைப் பற்றியும் தெருவில் சொல்லியிருப்பார்கள். இதெல்லாம் உங்களுக்குப் புரியும் என்ற தைரியத்தில்தான் சொல்கிறேன்.

லைன் கிளியர்

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக இணைய இணைப்பு வாங்கினேன். பெட்டி மாட்ட வந்தவர் சாலவாக்கத்துக்காரர், கைவேலையில் கெட்டிக்காரர். "ஆன்லைன் கிளாஸ் எடுக்கறீங்களா மேடம்?" என்று கேட்டார். பாட்டு கேட்கத்தான் என்றேன். பாட்டுக்கு போனே போதுமே என்று என்னைப் பார்த்தார். ஆனாலும் பெட்டியை மாட்டிவிட்டு, ஒரு பாட்டைப் போட்டுச் சரிபார்க்கச் சொன்னார்.

அன்று நான் எழுத வேண்டியிருந்த சாக்ஸபோன் பதிவையே போட்டேன். ஊதுகிறவர் ஒரு பிடி ஊதுவார், சட்டென்று நிறுத்துவார், வேறெங்கிருந்தோ மறுபடி பிடிப்பார். டிரம்ஸ்காரர் நடுவில் நாலு தட்டு தட்டிவிட்டுச் சும்மா இருப்பார். இணையக்காரருடைய முகம் சுருங்கியது. பெட்டியை அணைத்துப் போட்டார். மாடிக்கு ஏறி ஒயரைப் பார்த்தார். முனையை வெட்டி எடுத்துப் புதிதாகப் போட்டார். கீழே வந்து கேட்டால் அதே மாதிரிதான் இருக்கிறது. கடைசியில் தன் போனில் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுப் பார்த்தார். அது ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஓடியது. சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டே, நோயாளிக்கு நோயைச் சொல்கிற டாக்டர் மாதிரி மெதுவாகச் சொன்னார்:

"மேடம், லைன் கிளியராதான் கீது. உங்க பாட்டுதான் கட் ஆயி கட் ஆயி வருது."

ஒருத்தன் மட்டும்

நைனா டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆபரேஷன் முடிந்து பக்கத்து அறையில் கட்டிலில் இருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். ஹெட்போன் மாட்டிக் கேட்டால் அவர் கூப்பிடுவது காதில் விழாது. அதனால் ஸ்பீக்கரில்தான் போடுவேன். தொந்தரவா என்று கேட்டால், "பேஜார் ஒண்ணும் இல்ல, வையி" என்பார். முப்பது வருஷம் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு எதுதான் தொந்தரவு.

ஒரு நாள் நாலு பேர் குழுவின் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ஜாஸில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவராகத் தனியாக வாசிப்பார்கள். பேஸ் என்கிற ஆளுயரப் பெரிய பிடிலை விரலால் மீட்டுகிறவருக்கும் ஒரு முறை வரும். அப்போது மற்றவர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். டொம், டொம் என்று அது மட்டும் போய்க்கொண்டிருந்தது. நான் மெய்மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நைனாவின் குரல் வந்தது. தொழிற்சங்கத்தில் இருந்த ஆள் அவர். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

"மத்தவனுங்கல்லாம் நாஷ்டாவுக்குப் போய்ட்டானுங்களாமா? பாவம், அந்த ஒருத்தன மட்டும் வேல செய்ய வுட்டுட்டு."

மாப்பிள்ளை வரவில்லை

சங்கரி கேட்ட நேரடிக் கச்சேரிதான் கஷ்டமாக இருந்தது. சென்னையில் நடப்பதற்கு மாதம் ஒரு தரம் போய்த் தோழி வீட்டில் தங்கிக் கேட்டுவிட்டு வருவேன். மற்ற நாளில் எங்கள் பக்கம் நேரில் கேட்கக் கிடைப்பது கல்யாணமும் சாவும்தான்.

வைகாசியில் சாலவாக்கத்தில் ஒரு உறவுக்காரக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு மானாம்பதியிலிருந்து பேண்டு செட் வந்திருந்தது. தலைவர் பெயர் தேவராஜ். சிவப்புக் கோட்டு, தங்கச் சரிகை, மை போட்ட மீசை, முகம் தெரிகிற மாதிரி தேய்த்த சாக்ஸபோன். ஆள் தன்னைப் பற்றிக் கொஞ்சம் நன்றாகவே நினைத்துக்கொண்டிருந்தார் என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. பெண் வீட்டார் அவசரப்படுத்தி வாத்தியத்தை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளையின் அலங்காரக் காரோ மானாம்பதி ரோட்டில் டயர் வெடித்து நின்றிருந்தது.

தேவராஜ் தெரிந்த பாட்டெல்லாம் ஊதினார். எல்லாம் தீர்ந்தது. கார் வரவில்லை. அப்போது கடைசிப் பாட்டின் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டார். அதைத் திருப்பினார், இழுத்தார், கீழே கொண்டுபோய் உறும விட்டார், பிறகு மேலே ஏறி அதையே கேலி செய்தார். மேளக்காரர்கள் கொஞ்சம் தடுமாறி, பிறகு எட்டிப் பிடித்தார்கள். நான் கையில் காப்பி டம்ளருடன் வெயிலில் நின்றுவிட்டேன். ஜாஸ் என்றால் என்ன என்று விளக்குகிற புத்தகங்கள் என்னிடம் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. ஊர்வலம் முடிந்ததும் அவரிடம் போய், அந்த இடத்தில் என்ன வாசித்தீர்கள் என்று கேட்டேன். யாரோ குறை சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கொஞ்சம் விறைப்பாகவே பதில் சொன்னார்:

"பாட்டு தீந்து போச்சி, மாப்ள வரல. வாய எடுத்தா பொண்ணு வூட்டுக்காரங்க சண்டைக்கு வந்துடுவாங்க. இன்னா பண்றது சிஸ்டர், மாப்ள வர்ற வரைக்கும் எதையாவது ஊதிக்கினுதான் இருக்கணும்."

இடது பக்கம் காணோம்

ஆடி மாதம். தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், மரத்துக்கு மரம் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருக்கிறார்கள். அதனால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு புதுப் பதிவைக் கேட்டேன். காலையிலிருந்தே இடது காதில் ஒரு இரைச்சல் இருந்தது. குழாய்ச் சத்தம் என்று விட்டுவிட்டேன். பதிவில் டிரம்ஸே கேட்கவில்லை. பியானோவும் பாதிதான் வந்தது. ஒலிப்பதிவு செய்தவர் தூங்கிவிட்டார் என்று காட்டமாக ஒரு பத்தி எழுதி, சங்கரிக்கு அனுப்பியும் விட்டேன்.

பிறகு ஏதோ உறுத்தியது. ஹெட்போனைக் கழற்றி, இடது பக்கத்தை வலதுக்கும் வலதை இடதுக்குமாக மாற்றி மாட்டினேன். டிரம்ஸ் வந்தது. தெளிவாக, அழகாக வந்தது. அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சாக்ஸபோன் காணாமல் போனது. கோளாறு பதிவில் இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். சங்கரிக்கு போன் போட்டு, அந்தக் கட்டுரையைப் போடாதீர்கள், மறுபடி கேட்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை. அவர் காரணம் கேட்காததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது:

"ஒலிப்பதிவைத் திட்டிட்டு நீங்களே வாபஸ் வாங்கறது இதான் முதல் தடவை. சரி, நிதானமா கேளுங்க."

வீட்டில் இருப்பவர்களுக்கு

மறுநாள் காலையில் காஞ்சிபுரத்தில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். என்னைவிட வயதில் சின்னவர், நிதானமான பெண். அழுக்கு அடைத்திருக்கும் என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்றார். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். இடது காதுக்கு ஆரம்பித்துவிட்டார்கள் என்பதே எனக்குத் தெரியவில்லை.

நரம்பு திடீரென்று சோர்ந்துவிட்டது, சிலருக்குக் காரணமே தெரியாமல் இப்படி வரும் என்றார். திரும்பி வருமா என்றேன். "முழுசா வரலாம், பாதி வரலாம், வராமலும் போகலாம். நீங்க சீக்கிரம் வந்தது நல்லது" என்றார். பொய்யாக ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. அதனாலேயே அவரை நம்பினேன். என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் இரக்கம் வந்துவிடுமோ என்று பயந்தேன். அவரோ மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"ஸ்டீராய்டு மாத்திரை. பசி எடுக்கும், எரிச்சல் வரும், சின்ன விஷயத்துக்கெல்லாம் சண்டை போடத் தோணும். வீட்ல இருக்கறவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க."

ஏரிக்கரை ரோடு

வீட்டில் இருப்பவரிடம் நான் சொல்லவில்லை. நடக்க முடியாமல் படுத்திருக்கிற மனுஷரிடம் எனக்கும் ஒன்று என்று எப்படிச் சொல்வது. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு காது போனால் பாதிச் சத்தம் போகும் என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். போவது திசை. போன் அடித்தால் எங்கே அடிக்கிறது என்று தெரியாது. நைனா கூப்பிட்டால் அடுப்படிக்கு ஓடுவேன். மாத்திரை வேறு டாக்டர் சொன்ன வேலையை எல்லாம் ஒழுங்காகச் செய்தது. இட்லிக்காரம்மாவோடுகூட சண்டை போட்டேன்.

ஒரு நாள் மாலை ஏரிக்கரை ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஹாரன் கேட்டது. வலது பக்கம் வண்டி வருகிறது என்று இடது பக்கம் ஒதுங்கினேன். வண்டி வந்தது இடது பக்கம். சேலையை உரசிக்கொண்டு போய் நின்ற பையன், "காது கேக்கலியா?" என்று கத்தினான். அந்தக் கேள்வி என் வாழ்நாளில் முதல் தடவையாகப் பொருத்தமாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நடவு முடிந்து கால் சேற்றோடு திரும்பிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். கன்னியம்மா. ஆரம்பப் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இன்னா ஆச்சு என்று கேட்டாள். முதல் முறையாக ஒருவரிடம் சொன்னேன். அவள் அதைப் பெரிய சங்கதியாக எடுத்துக்கொள்ளவே இல்லை. என் இடது பக்கம் வந்து, கையைக் கோத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். கொஞ்ச தூரம் போனதும் திட்டினாள்:

"செவுடுன்னா செவுடுன்னு சொல்லு மல்லி. நாங்க கைய புடிச்சிக்கினு போறோம். நீயே மூடி வச்சிக்கினு கீற, வண்டிக்காரனுக்கு எப்டி தெரியும்?"

சங்கரியிடம் சொன்னது

அன்றிரவு சாப்பாட்டின்போது நைனாவிடம் சொன்னேன். "அதான் ஒரு மாசமா நான் கூப்ட்டா அடுப்பாங்கரைக்கு ஓடறியா" என்றார். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். மறுநாளிலிருந்து என்னைக் கூப்பிடக் கட்டில் சட்டத்தில் டம்ளரால் தட்ட ஆரம்பித்தார்.

பிறகு சங்கரி. என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போன் போட்டேன். விமர்சகருக்கு ஒரு காது போனது வாசகர்களை ஏமாற்றுகிற விஷயம், தொடரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். சொல்லும்போது குரல் ஒழுங்காகத்தான் இருந்தது. சொல்லி முடித்த பிறகுதான், இந்த வேலை இல்லாமல் போனால் காலையில் எழுந்து நான் என்ன செய்வேன் என்ற எண்ணம் வந்தது. வேறு எதுவும் எனக்குத் தெரியாது. மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. வலது காதில்தான் போனை வைத்திருக்கிறேனா என்றுகூட சந்தேகம் வந்தது.

பழைய காலத்தில் ஒலிப்பதிவுக்கு ஒரே மைக்தான். எல்லாரும் அதைச் சுற்றி நின்று வாசிப்பார்கள். இடது வலது என்ற பேச்சே கிடையாது. மோனோ என்பார்கள். ஜாஸின் நல்ல காலம் பாதி அப்படிப் பதிவானதுதான். இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் பயத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்தது எதுவும் சமயத்தில் தோன்றாது. சங்கரிக்குத் தோன்றியது:

"அந்த மோனோ ரிக்கார்டெல்லாம் எங்க போச்சு மல்லிகா? அதுல இருக்கறதே ஒரு காதுக்குத்தான். அதைக் கேட்டு முடிக்கவே உங்களுக்கு இன்னொரு ஜென்மம் வேணும். அடுத்த வாரம் கட்டுரை வரணும்."

கூடவே நடக்கிறவன்

அப்படிப் புரட்டாசியும் ஐப்பசியும் மோனோவாகப் போயின. ஸ்பீக்கரைக் கூடத்துக்கு நடுவில் வைத்துவிட்டேன். நைனாவின் கட்டிலையும் அங்கேயே இழுத்துப் போட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து கேட்டோம்.

நைனாவுக்கு அப்போது வேறு ஒரு தகராறு இருந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு தினமும் நடக்க வேண்டும் என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார். நைனா மாட்டேன் என்றார். விழுந்த பயம். ஸ்டியரிங்கைப் பிடித்து ஆயிரம் பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போகப் பயந்தார். நான் கெஞ்சினேன், கத்தியும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்தில் நிதானமான தாளத்தில் ஒரு பதிவு ஓடிக்கொண்டிருந்தது. பேஸ்காரர் அடியில் டொம் டொம் என்று சீராகப் போய்க்கொண்டிருந்தார். அதோடு டக், டக் என்று இன்னொரு சத்தம். எட்டிப் பார்த்தால் நைனா வாக்கரோடு நடந்துகொண்டிருக்கிறார். சுவர் வரை போனார், திரும்பினார், மறுபடி வந்தார். பாட்டு முடிந்ததும் நின்றார். கதவருகில் நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, பிடிபட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்:

"அந்தத் தடிக்கம்பிக்காரன் கூட போனா சரியா கீது. ஓடவும் வுடல, நிக்கவும் வுடல. அதயே இன்னொருவாட்டி போடு."

ஆராதனை டிரம்ஸ்

மார்கழி பிறப்பதற்கு முன்னால் நல்ல மழை. ஏனாத்தூர்ப் பக்கம் படிக்கிற பிள்ளைகள் சிலர், நான் எழுதுவதைப் படித்துவிட்டு என்னைத் தேடிப் பிடித்திருந்தார்கள். சென்னைக்கு வந்திருந்த வெளிநாட்டு ஜாஸ் குழு ஒன்றை, மூன்று பேர்தான், பேசிச் சம்மதிக்க வைத்து, ஒரு கல்யாண மண்டபத்தில் சனிக்கிழமை மாலை கச்சேரி ஏற்பாடு செய்தார்கள். கலைஞர்கள் காரில் மத்தியானமே வந்துவிட்டார்கள். டிரம்ஸ் ஏற்றிய வேன் வரவில்லை. வழியில் தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது, வேன் அக்கரையில் நிற்கிறது என்று தகவல் வந்தது. பிள்ளைகள் எனக்கு போன் செய்தபோது அழாத குறை.

எனக்குத் தெரிந்த ஒரே வாத்தியக்காரர் தேவராஜ். கல்யாணத்தன்று அவரே வற்புறுத்தி நம்பர் கொடுத்திருந்தார். பேண்டு செட் மேளம் கழுத்தில் மாட்டுவது, அது இதற்கு ஆகாது என்றார். ஆனால் மானாம்பதியில் அவர்கள் சபையில் முழு டிரம்ஸ் இருக்கிறது, பாஸ்டரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றார். நான் ஆட்டோ பிடித்துப் போனேன். கிறிஸ்துமஸுக்காக டிரம்ஸைச் சுற்றி ஜிகினாத்தாள் சுற்றி, முன்னால் ஒரு நட்சத்திரம் ஒட்டியிருந்தார்கள். பாஸ்டர் யோசித்தார். அது என்ன பாட்டு, குடிக்கிற இடமா, ஆட்டம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். உட்கார்ந்து கேட்கிற கூட்டம்தான் என்று உறுதி கொடுத்தேன். சபையில் டிரம்ஸ் வாசிக்கிற சார்லஸ், கட்டட மேஸ்திரி, தானும் கூடப் போவதாகச் சொன்ன பிறகுதான் தலையசைத்தார். குட்டி யானை வண்டியில் டிரம்ஸை ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டினோம். வண்டி கிளம்புகிற நேரத்தில் பாஸ்டர் குடையோடு வந்து என்னிடம் சொன்னார்:

"எங்க டிரம்ஸு இதுவரைக்கும் வெளிய எங்கியும் தங்கினதில்லமா. நாளிக்குக் காலைல ஆராதனைக்கு வந்துடணும். பத்திரமா கூட்டிக்கினு போங்க."

ஊர்வலத்துக்கு ஆகாது

கச்சேரி நடந்தது. டிரம்ஸ்காரர் ஜிகினாத்தாளைப் பார்த்துச் சிரித்தார். கழற்றட்டுமா என்று சார்லஸ் சைகையில் கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். நட்சத்திரத்தோடேயே வாசித்தார். கூட்டம் பாதி மண்டபம்தான். பிள்ளைகள், அவர்களுடைய ஆசிரியர்கள் சிலர், மழைக்கு ஒதுங்கினவர்கள், தேவராஜ், சார்லஸ். நைனாவும் வந்திருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரி தவிர வேறு எங்கும் போகாதவர், அந்தத் தடிக்கம்பியை நேரில் பார்க்க வேண்டும் என்று வாக்கரோடு காரில் ஏறிவிட்டார்.

நான் இடது கோடி நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்தால் நல்ல காது மேடைப் பக்கம் இருக்கும். நைனாவை வலது பக்கம் வைத்துக்கொண்டேன். இரண்டாவது உருப்படியில் பேஸ்காரர் தனியாக வாசிக்க ஆரம்பித்தார். மண்டபமே அடங்கியிருந்தது. அப்போது என் இடது காதுப் பக்கமும் ஏதோ இருந்தது. முதலில் நாற்காலி அதிர்கிறது என்று நினைத்தேன். வலது காதை உள்ளங்கையால் அழுத்தி மூடினேன். டொம், டொம். ரொம்ப தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, ஆனால் கேட்டது. ஐந்து மாதமாகச் செத்துக் கிடந்த காது. கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நைனா என்னைப் பார்த்தார். வாக்கரை விட்டுவிட்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் தேவராஜிடம், எப்படி இருந்தது என்றேன். கோட்டின் பித்தானை மாட்டிக்கொண்டே, சக தொழிலாளிகளைப் பற்றிப் பேசுகிற கவனத்தோடு தீர்ப்புச் சொன்னார்:

"நல்ல ஆளுங்கதான் சிஸ்டர். ஆனா ஊர்வலத்துக்கு ஆகாது. இவங்க வாசிச்சா மாப்ள எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நடுரோட்லயே நின்னுடுவாரு."

ஈர்க்குச்சி

டிரம்ஸ் ஞாயிறு காலையில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. கிறிஸ்துமஸ் வாரத்தில் நன்றி சொல்ல ஒரு கேக் வாங்கிக்கொண்டு மானாம்பதி போனேன். பாஸ்டர் உட்காரச் சொன்னார். ஆனால் முகத்தில் ஏதோ பாக்கி இருந்தது. ஏதாவது உடைந்துவிட்டதா என்று பயந்தபடியே கேட்டேன்.

உடையவில்லை. கச்சேரியில் டிரம்ஸ்காரர் சில இடங்களில் குச்சியை வைத்துவிட்டு, மெல்லிய கம்பிகளால் ஆன ஒரு பிரஷ்ஷால் தோலை வருடி வருடி வாசித்தார். மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். சார்லஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பிரஷ் இங்கே எங்கே கிடைக்கும்? தென்னை ஈர்க்குச்சியை எடுத்து நுனியைச் சீவி, கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டி, தானே இரண்டு செய்துகொண்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, ஜெப நேரத்தில் அதை வைத்து மெதுவாக வாசித்திருக்கிறார். வழக்கமாக டிரம்ஸ் சத்தத்தில் வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொள்கிற வயசானவர்கள் அன்றைக்கு உள்ளேயே இருந்துவிட்டார்களாம். பாஸ்டர் கேக்கை வாங்கிக்கொண்டார். பிறகு, சந்தோஷமா புகாரா என்று தனக்கே தெளிவில்லாத குரலில் சொன்னார்:

"நல்லாதான் கீது, ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல. ஆனா சபைக்குள்ள தொடப்பத்த எதுக்கு எடுத்துக்கினு வந்தான்னு கேக்கறவங்களுக்கு நான்தானேமா பதில் சொல்லணும்."

ஓபி முடிந்த பிறகு

தை மாதம் மறுபடி காஞ்சிபுரம் போனேன். கண்ணாடி அறையில் இந்தத் தடவை இடது காதுக்கும் பொத்தானை அழுத்தினேன். எல்லாவற்றுக்கும் இல்லை. கீழ் ஸ்தாயி திரும்பியிருக்கிறது. மேல் சத்தம், மணிச் சத்தம் எல்லாம் இன்னும் வரவில்லை. இனிமேல் பெரிதாக மாறாது என்று நினைக்கிறேன் என்றார் டாக்டர். பேஸ் கேட்கிறது, டிரம்ஸில் இருக்கிற சிம்பல் தட்டு கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்த பாஷையில் மொழிபெயர்த்துக்கொண்டேன். எனக்கு அது போதும் என்று சொன்னபோது, ஒப்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே போதும் என்றுதான் இருந்தது. சங்கரி தொடரை இன்னொரு வருஷத்துக்கு நீட்டியிருந்தார். நைனா வாக்கரை வைத்துவிட்டுத் தடிக்கு வந்திருந்தார். ஏனாத்தூர்ப் பிள்ளைகள் அடுத்த கச்சேரிக்குத் தேதி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிளம்பும்போது டாக்டர் கொஞ்சம் தயங்கினார். நான் எழுதியதில் இரண்டைப் படித்ததாகவும், கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு பதிவைப் போட்டதாகவும் சொன்னார். எப்படி இருந்தது என்று ஆவலாகக் கேட்டேன். டாக்டர் நாற்காலியை விட்டு நோயாளி நாற்காலிக்கு வந்துவிட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஓபி முடிஞ்சப்புறம் கேட்டேங்க. நடுநடுவுல கை தட்டறாங்க, பாட்டு முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சு நாலு தடவை எழுந்துட்டேன். எப்ப முடிஞ்சதுன்னு எப்படித் தெரிஞ்சிக்கறது?"

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறவர்களுக்கு ஒரு வருஷ அனுபவத்தில் நான் சொல்லக்கூடியது, ஒரு காது தாராளமாகப் போதும், ஆனால் அந்தக் காதுப் பக்கம் யாரை உட்கார வைத்துக்கொள்கிறோம் என்பதில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும் என்பதுதான்.